கோச்சி எப்ப?

புதிதாக நிலைய அதிபர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன மாதம் நீங்கள் சிலர் குண்டசாலைக்கு என் வீடு தேடி வந்தீர்கள். வந்ததும் வராததுமாக ஒருவர் கேட்டார், "கோச்சியே ஓடாத ஊரில வந்து ஏன் சேர் குடியிருக்கிறீங்க?" என்று. அன்று சிரித்துச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன், வேண்டுமென்றேதான் இங்கே வீடு பார்த்தேன். வேலைக்காலம் முழுவதும் காதுக்குள் ரயில் ஹோர்ன் அடித்தது போதும். இங்கே காலையில் என்னை எழுப்புவது பஸ் கொண்டக்டரின் "கண்டி, கண்டி"தான். அந்த பஸ் பிந்தினால் யாரும் எனக்கு போன் எடுத்து ஏசமாட்டார்கள். இந்தச் சுகம் என்னவென்று இன்னும் பல வருடங்கள் கழித்து உங்களுக்கு விளங்கும்.

நீங்கள் வந்த காரியம் வேறு. நான் கடைசியாக வேலை பார்த்த சின்ன ஸ்டேசனின் சரித்திரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். சுவரில் பலகை அடித்து மாட்டப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம், மாட்டுங்கள். ஆனால் எந்த வருடம் எந்தத் துரை வந்து திறந்து வைத்தார் என்று எழுதுவதற்கு நான் தேவையில்லை, பழைய கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். நான் எழுதப் போவது பலகைக்கு ஒத்துவராத விசயம். ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டேன். இதில் வருகிறவர்கள் அங்கே இன்னும் சுகமாக இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

அந்த ஊருக்கு இரண்டு ஸ்டேசன் என்று ஊரார் சொல்வார்கள். மேல் ஸ்டேசன், கீழ் ஸ்டேசன். மேல் ஸ்டேசனில் ஆட்கள் ஏறி இறங்குவார்கள். வளைவு தாண்டிக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும் கீழ் ஸ்டேசன் உண்மையில் ஸ்டேசனே இல்லை, அது சரக்குக் கொட்டில். தேயிலைப் பெட்டியும் கொக்கோவும் மிளகும் அங்கேதான் வண்டியில் ஏறின. கண்டியில் பஸ் பிடிக்க "குட்ஷெட்டுக்குப் போ" என்கிறோமே, அந்தப் பெயரும் ரயில்வேயின் சரக்குக் கொட்டில் கொடுத்ததுதான். கொட்டில் போய் பஸ் வந்த பிறகும் பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

எங்கள் ஊர்க் கொட்டிலுக்கும் அதே கதிதான். லொறி வந்தது, சரக்கெல்லாம் அதில் ஏறிப் போய்விட்டது, பக்கப் பாதையில் புல் முளைத்தது. கல் சுவரும் இரும்புத் தூணுமாகக் கொட்டில் மட்டும் வெளவாலுக்குச் சொந்தமாகக் கிடந்தது. கடைசியில் நிஸ்தார் நானா அதை வாடகைக்கு எடுத்தார். கராம்பு, மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிற வியாபாரி அவர். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் கொட்டிலைக் கட்டியவர்கள் ரயில் பெட்டி வந்து நிற்பதற்காகக் கட்டினார்கள், லொறி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே நானாவின் லொறி கொட்டிலுக்குப் போக வேண்டுமானால் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து, ஏற்றத்தில் ஏறி, சட்டென்று திரும்ப வேண்டும். அந்த இடத்தில் ஒரு கேட் உண்டு. அந்தக் கேட்டில்தான் சோமாவதி வேலை செய்தார்.

சோமா பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். நிரந்தர வேலை இல்லை, தற்காலிகக் கேட் காவல். வருடக் கணக்காக அப்படியே வெயிலிலும் மழையிலும் நின்றார். நான் சொல்லப் போகும் அந்த வருடம்தான் தற்காலிகமாக இருந்தவர்களை நிரந்தரமாக்குவது என்று முடிவாகி, சோமாவின் பெயரும் மேலே போயிருந்தது. வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் பெயரை வெட்டிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆபத்தில் நின்றது முதலில் ஒரு கோச்சி, பிறகு சோமாவின் வேலை. கோச்சி சீக்கிரம் தப்பிவிட்டது, வேலைதான் எங்களைப் போட்டு ஆட்டியது.

கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு கிடையாது. கேட்டுக்கும் ஸ்டேசனுக்கும் நடுவே இருந்தது ஒரு பழைய டெலிபோன் மட்டும். அதில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரிக் கேட்கும். கோச்சி வர முன்பு சோமா போன் எடுத்துக் கேட்க வேண்டும், நாங்கள் சொல்ல வேண்டும், அவர் கேட்டைப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஸ்டேசனில் போனை எடுப்பவர் செல்வராஜ். மலைக்கு மேலே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த போர்ட்டர், என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாழ்ப்பாணத்தானாகிய என்னுடைய சிங்களத்தைக் கேட்டு அவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சோமாவுக்குத் தமிழ் படிக்க ஆசை வந்தது. சின்னமகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்துவிட்டு வந்து தாயைக் கேலி செய்கிறாளாம், அந்த ரோசம். செல்வராஜ் போனிலேயே படிப்பித்தார். கேட்டில் நிற்பவருக்கு முதலில் என்ன வசனம் வேண்டும்? "கோச்சி எப்ப?" அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். சோமாவின் வாயில் அது "கோச்சி எப்பா?" என்று வந்தது.

உங்களில் சிங்களம் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். சிங்களத்தில் "எப்பா" என்றால் வேண்டாம். நாங்கள் கோச்சி என்பதையே அவர்களும் கோச்சி என்கிறார்கள். ஆக, எங்கள் காதுக்குக் கோச்சி எப்போது வரும் என்று கேட்கிற வசனம், அவர்கள் காதுக்குக் கோச்சி வேண்டாம் என்று கேட்கும்.

"என்னக்கா, கோச்சி வேணாங்கிறீங்களா? அப்ப திருப்பி அனுப்பிடட்டுமா?" என்று செல்வராஜ் சீண்டுவார். அந்தப் பக்கம் சோமா சிரிக்கிற சிரிப்பு என் மேசை வரைக்கும் கேட்கும். எத்தனை முறை திருத்தியும் "எப்பா" "எப்ப" ஆகவில்லை. பிறகு திருத்துவதையும் விட்டுவிட்டார், அதுவே வழக்கமாகிப் போனது. காலையில் போன் அடிக்கும். "கோச்சி எப்பா?" "இந்தா, இப்ப!" "ஹரி, மல்லி." சரி, தம்பி என்று அர்த்தம். அதோடு வேலை தொடங்கும். மலைநாட்டுக் காலைக் குளிரில் அந்த மூன்று சொல்லும் ஒரு தேத்தண்ணி குடித்த மாதிரி இருக்கும். நானும் காது கொடுத்துக் கேட்டுச் சிரிப்பேன்.

ஒருநாள் காலை. முந்தின நாள் முழுக்க மழை, அன்று வெளித்திருந்தது. கண்டிக்குப் போகிற ஒபிஸ் கோச்சி வரும் நேரம். சோமா போன் எடுத்தார், எப்பா என்றார், இப்ப என்றோம், ஹரி என்றார். எல்லாம் வழமை போல. கோச்சியும் வந்து நின்றது. பள்ளிப் பிள்ளைகள், கந்தோருக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று கதவிலும் ஆள் தொங்கியது. அதற்குள் மற்றப் போனில் கட்டுப்பாட்டு அறை என்னைப் பிடித்து உலுக்கியது. வெளிநாட்டு ஆட்களை ஏற்றிய விசேட ரயில் ஒன்று சந்தியில் நிற்கிறது, உங்கள் கோச்சி போனால்தான் அதற்குப் பாதை, உடனே அனுப்பு என்று ஏச்சு.

நான் கொடியை எடுத்துக்கொண்டு வெளியே காலை வைக்கிறேன், பின்னால் கேட் போன் மறுபடி அடித்தது. செல்வராஜ் எடுத்தார். மேடையில் எஞ்சின் இரைகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார், சிரித்தார். "இந்தா இப்ப அக்கா, இந்தா விட்டாச்சு!" என்று கத்திவிட்டு போனை வைத்தார்.

"ஆர்?" என்றேன்.

"சோமாக்காதான் சேர். இன்னைக்கு ரெண்டு தரம் கேக்குறாங்க, கோச்சி எப்பான்னு."

எனக்குக் கால் நகரவில்லை. பெரிய ஞானம் ஒன்றும் வரவில்லை, தம்பிமாரே. ஒரு சின்னச் சந்தேகம்தான், செருப்புக்குள் விழுந்த கல்லுப் போல. ஏற்கெனவே கேட்டு, பதில் வாங்கி, ஹரி சொல்லி வைத்த மனுசி எதற்காகத் திரும்பக் கேட்க வேண்டும்?

"திருப்பி எடும்" என்றேன்.

எடுத்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கல சேர். எடுக்கலன்னா அக்கா கேட்டை இழுத்துப் பூட்டிட்டு வெளிய கொடியோட நிக்கிறாங்கன்னுதானே அர்த்தம்?"

நியாயமான பேச்சு. பத்தில் ஒன்பது நாள் அதுதான் சரி. மற்றப் பக்கத்தில் கட்டுப்பாட்டு அறையின் போன் திரும்பவும் அலறத் தொடங்கிவிட்டது. கோச்சியின் பின்னாலே கார்ட் பச்சைக் கொடியை அசைத்து, என்ன என்பது போலக் கையை விரித்தார். ட்ரைவர் ஜன்னலால் தலையை நீட்டி, "மாத்தயா, நித்திரையா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்கள் ஸ்டேசனை விட்டால் இறக்கம், இறக்கத்தோடு வளைவு, வளைவு முடிய கேட். கேட்டில் என்ன கிடந்தாலும் ட்ரைவர் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடித்து நிறுத்த இடம் இருக்காது. அதை மட்டும்தான் அப்போது நினைத்தேன். நிறுத்தி வைத்த வண்டிக்கு எத்தனை காரணமும் சொல்லலாம், விட்ட வண்டியைத் திருப்பிக் கூப்பிட முடியாது. சிவப்புக் கொடியைக் காட்டினேன்.

"செல்வராஜ், நீர் ஒருக்கா வளைவு மட்டும் ஓடிப்போய்ப் பாத்திட்டு வாரும்."

"என்னத்த சேர் பாக்குறது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உம்மை அனுப்புறன்? ஓடும்!"

அவர் ஓடினார். நான் நின்றேன். ட்ரைவர் இறங்கி வந்து ஏசினார், கார்ட் வந்து ஏசினார். கைப்பெட்டி வைத்திருந்த ஒரு கனவான், தான் இன்ன இடத்தில் பெரிய அதிகாரி என்று ஆங்கிலத்தில் ஏசினார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஒன்றும் இல்லாமல் செல்வராஜ் கையை வீசிக்கொண்டு வந்தால் அன்றைக்கு என் கதி என்ன?

செல்வராஜ் வளைவுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் வளைவுக்குள்ளிருந்து சோமா வந்தார். தண்டவாளத்துக்கு நடுவே, ஒரு காலில் செருப்பில்லாமல், சிவப்புக் கொடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். செல்வராஜைக் கண்டதும் அப்படியே கற்களில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். ஏசிக்கொண்டிருந்த ட்ரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். சோமா கேட்டைப் பூட்டப் போகும்போது நிஸ்தார் நானாவின் லொறி ஏறி வந்திருக்கிறது. மழையில் மண் இளகி, பின் சில்லு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புதைந்து, லொறி குறுக்கே நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "யா அல்லாஹ், என்ட லொறி எப்படிப் போனாலும் பரவாயில்ல மாஸ்டர், கோச்சிய மட்டும் புடிச்சி வைங்க" என்றார். கோச்சியில் வந்த ஆட்களும் இறங்கிவந்து தள்ளினார்கள். அந்த ஆங்கிலக் கனவானும் கைப்பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டுத் தள்ளினார் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு மூட்டை கிழிந்து கராம்பு கொட்டி, அந்த இடம் பல நாளைக்கு மணத்தது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் வெளிநாட்டு ஆட்களின் விசேட ரயில் காத்து நின்றதே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? விசாரணை வந்தது.

விசாரணைக்கு வேண்டியது ஒரே கேள்விக்கான பதில். ஆபத்து என்று தெரிந்ததும் கேட்டில் இருந்தவர் ஸ்டேசனுக்கு அறிவித்தாரா, இல்லையா? சோமா சொன்னார், "கோச்சிய எவன்ன எப்பா" என்று கத்தினேன், கோச்சியை அனுப்ப வேண்டாம் என்று. செல்வராஜ் சொன்னார், எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்டது "கோச்சி எப்பா" மட்டும்தான், அது அக்கா தினமும் கேட்கிற கேள்வி. செல்வராஜின் வாக்குமூலம் நின்றால் சோமா அறிவிக்கவில்லை என்று ஆகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

விசாரணைக்கு முந்தின நாள் செல்வராஜ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"சேர், அக்கா அனுப்ப வேணான்னு சொன்னாங்க, நாந்தான் கவனிக்கலன்னு சொல்லிடவா?"

"சொன்னால், நிப்பாட்டச் சொல்லியும் அனுப்பப் பாத்தாய் எண்டு உம்மைத் தூக்குவாங்கள்."

"நான் ஆம்பள, எங்கயாச்சும் போய்ப் பொழச்சுக்குவேன் சேர். அந்தப் பொம்பள என்னா செய்யும்?"

"விசர்க் கதை கதைக்காதையும். அவவும் பொய் சொல்லேல்ல, நீரும் பொய் சொல்லேல்ல. பிறகேன் ஒராள் பொய் சொல்ல வேணும்? நடந்ததை அப்பிடியே சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

அப்படி வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, மிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் எனக்குள்ளேயே எப்ப, எப்பா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, பென்சனுக்கு முதலே மண்டை தட்டிப்போட்டுதோ?" என்றாள் மனைவி.

விசாரிக்க வந்த அதிகாரி சிங்களவர், கண்டிப்பானவர். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி வைத்தது போன்ற முகம். செல்வராஜின் வாக்குமூலம் தமிழில் என்பதால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி, இரண்டு மொழியும் நாக்கு நுனியில். இவரைக் கண்டதும்தான் எனக்கு வழி பிறந்தது.

அதிகாரியிடம் சொன்னேன், "சேர், இதிலே வாயைப் பார்த்துப் பிரயோசனமில்லை, காதைத்தான் பார்க்க வேண்டும். சோமாவதி கேட்டுக்குப் போய் அதே போனில் அதே சொல்லைக் கத்தட்டும். நீங்களும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே நேரத்தில் கேளுங்கள்."

"ஒரு போனில் இரண்டு பேர் எப்படிக் கேட்பது?" என்றார்.

"கொஞ்சம் நெருங்கி இருக்க வேண்டும் சேர்."

சோமா கேட்டுக்குப் போனார். சத்தத்துக்கு, மேடையில் நின்ற ஒரு எஞ்சினை இரைய விடச் சொன்னேன். போன் அடித்தது. கண்டிப்பான அதிகாரியும் தொப்பி போட்ட பெரியவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து, நடுவே போனைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செல்வராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கரகரவென்று சோமாவின் குரல் வந்தது, நின்றது.

"எப்போது என்று கேட்கிறார்" என்றார் பெரியவர்.

"வேண்டாம் என்கிறார்" என்றார் அதிகாரி, அதே நேரத்தில்.

இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "இல்ல சேர், தெளிவா எப்பன்னுதான் கேட்டிச்சி" என்று பெரியவர் தமிழிலேயே சொல்லிவிட்டார். இன்னொரு முறை கத்தச் சொன்னார்கள். இன்னொரு முறையும் அதேதான். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு சொல்வாங்க. இன்னைக்கித்தான் அனுபவிச்சேன்" என்று பெரியவர் தொப்பியைச் சரி செய்தார். அதிகாரியின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. என் கண்மயக்கமாகவும் இருக்கலாம்.

ஆனாலும் அவர் விடவில்லை. சோமா திரும்பி வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"தினமும் போனில் தமிழில் பேசி விளையாடத் தெரிந்தது அல்லவா? ஸ்டேசனில் இருப்பது தமிழ் ஆள் என்றும் தெரியும். ஆபத்து நேரத்தில் மட்டும் ஏன் தமிழில் சொல்லவில்லை?"

சோமா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு சிங்களத்தில் சொன்னார்.

"சேர், நான் சிரிக்கப் படித்தது தமிழில். பயப்படுவது சிங்களத்தில்தான். பயம் வந்தால் வேறு ஒன்றும் வாயில் வராது."

அதிகாரி பேனாவை மூடினார். "எனக்கும் அப்படித்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இருவர் மேலும் குற்றம் இல்லை என்று முடிவானது. கேட்டிலிருந்து வரும் செய்தியைக் கேட்டவர் முழு வசனமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், செய்தி சொன்னவர் ஹரி சொன்ன பிறகே போனை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த ஒழுங்கைத்தான் நீங்கள் இப்போது பயிற்சியில் சலிப்போடு படிக்கிறீர்கள். சலிக்காதீர்கள். சோமாவின் பெயர் வெட்டுப்படவில்லை. அந்த வருட முடிவுக்குள் நிரந்தரமானார். எனக்கு அன்று வந்த சந்தோசம் என் சொந்த நியமனத்துக்கும் வந்ததில்லை.

இதோடு முடித்தால் பலகைக்கும் பொருந்தும். ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

விசாரணைக்குப் பிறகு சோமா தமிழ் பேசுவதை விட்டுவிட்டார். போன் அடிக்கும், சிங்களத்தில் சுத்தமான முழு வசனம் வரும், செல்வராஜ் அதைச் சுத்தமாகத் திருப்பிச் சொல்வார், ஹரி என்று போன் வைபடும். மல்லியும் இல்லை, சிரிப்பும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி. ஸ்டேசன்தான் மருந்து மணக்கிற ஆஸ்பத்திரி வார்ட் போல ஆகிவிட்டது. செல்வராஜுக்குச் சோறு இறங்கவில்லை. "தமிழால வந்த வெனைன்னு அக்கா நெனைக்கிறாங்க சேர்" என்றார். எனக்கும் அந்த எண்ணம் முள்ளாகக் குத்தியது. தமிழ் படிக்க ஆசைப்பட்ட ஒரு மனுசி, எங்களால் அதற்குப் பயந்து போனால் அதைவிட வெட்கம் என்ன இருக்கிறது?

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் ஸ்டேசன்களிலும் இப்படித்தான் எல்லாரும் கலந்திருப்பீர்கள். வணக்கம், ஆயுபோவன், சாப்பிட்டீர்களா என்று ஒருவர் மொழியை ஒருவர் படிப்பீர்கள். படியுங்கள், அழகுதான். அதோடு இன்னொன்றையும் படியுங்கள். உங்களோடு வேலை செய்கிறவர் பயந்து கத்தினால் அவர் வாயில் என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கஷ்ட காலத்தில் மனிதர் தாய் சொல்லித் தந்த மொழிக்குத்தான் ஓடுவார். அந்த நேரத்தில் அகராதி புரட்ட முடியாது.

இது என் மண்டையில் உதித்தது என்று பெருமையடிக்க ஆசைதான், ஆனால் செல்வராஜ் செய்து காட்டியது. ஒருநாள் மத்தியானம், கோச்சி ஒன்றும் இல்லாத நேரம், என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டுக்கு நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பயங்கரச் சத்தம். "எப்பா! எப்பா!" என்று ஆண் குரல். "வேண்டாம்! வேண்டாம்! நிப்பாட்டு!" என்று பெண் குரல். ஐயையோ, அடிபிடி என்று நான் தொப்பியையும் மறந்து ஓடினேன். எனக்கு முன்னாலேயே நிஸ்தார் நானா கொட்டிலிலிருந்து கராம்புத் தூசியோடு ஓடி வந்துவிட்டார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் செல்வராஜ், அந்தப் பக்கம் சோமா. நடுவே தண்டவாளம். இருவரும் கழுத்து நரம்பு புடைக்க மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். செல்வராஜ் சிங்களத்தில், சோமா தமிழில்.

"என்னடாப்பா இது! பட்டப்பகல்ல என்ன சண்ட புடிக்கிறீங்க? நிரந்தரமாகி நாலு நாள் ஆகல்லயே!" என்று நானா இருவருக்கும் நடுவே கையை நீட்டினார்.

சோமா மூச்சு வாங்கினார். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். தன்னுடைய தமிழில் சொன்னார்:

"சண்டை இல்ல நானா. பயம் படிக்கிறோம்."